நாலு கண் நாய்க்கு நாலு ஓட்டு

நவம்பர் 23, ஞாயிறு

இன்றைக்கு எங்கள் வீட்டில் சட்டசபை கூடியது. மிருதுளா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, நாய் வாங்கித் தந்தால்தான் சாப்பிடுவேன் என்றாள். ஆறு வயசுக்கு இவ்வளவு அடம் ஆகாது. அவளுடைய அப்பா கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது, எனக்கு அதுவே எரிச்சல். கொஞ்ச நேரம் மோர்மிளகாயைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "வாங்கலாம் கண்ணு. ஆனா வீட்டுல நாலு பேரும் ஒரே நாயச் சொல்லோணும். ஒருத்தரு வேண்டாம்னாலும் கெடையாது" என்றார்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் அம்மா. சபை அதோடு கலைந்தது.

பின்னால் நானே இதைப் படித்தால் குழம்பக்கூடாது என்பதால் யார் யார் என்று எழுதிவைக்கிறேன். நான் செண்பகவல்லி, ஒன்பதாம் வகுப்பு. அப்பா இறந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. அம்மா பெயர் புஷ்பம். போன மார்ச்சில் அம்மா, சென்னியப்பன் என்பவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. அம்மா ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில், அவர் மருந்து கொடுக்கிற இடத்தில். அவருக்கு ஊர் ஈரோட்டுப் பக்கம். மிருதுளா அவருடைய மகள். அவளைப் பெற்ற அம்மா, அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார்.

கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. அம்மாவுக்குக் கூடப்பிறந்தது கருத்தப்பாண்டி மாமா ஒருத்தர்தான். ஊர் என்ன பேசும் என்று சொல்லி அவரும் வரவில்லை. அன்றோடு பேச்சும் நின்றது.

அவரை, அதாவது சென்னியப்பனை, நான் எப்படியும் கூப்பிடுவதில்லை. எட்டு மாசமாகக் கூப்பிடாமலே ஓட்டிவிட்டேன். பக்கத்தில் போய் நின்று செருமினால் போதும், திரும்பிப் பார்ப்பார்.

முடிவு செய்துவிட்டேன். நாய் வரும். பொங்கலுக்குள் வரும். எந்த நாய் என்பதை இந்த வீட்டில் மூளை உள்ள ஒரே ஆள் ஆராய்ந்து சொல்வாள்.

நவம்பர் 25, செவ்வாய்

ஆராய்ச்சி தொடங்கியது. மிருதுளாவின் ஓட்டு பொமரேனியனுக்கு. காரணம் கேட்டேன். "புசுபுசு" என்றாள். வேறு காரணம் இல்லை. அவளுடைய அப்பாவின் ஓட்டு லேப்ரடாருக்கு. கூட வேலை பார்க்கிறவர் வீட்டில் இருக்கிறதாம், குழந்தைகளோடு நன்றாகப் பழகுமாம். அது எவ்வளவு தின்னும், எவ்வளவு முடி கொட்டும் என்று கேட்டால் தெரியாது.

எதிர்வீட்டில் ஹஸ்கி வளர்க்கிறார்கள். பனிமலையில் வண்டி இழுக்கிற நாய். அதற்குத் தனி அறை, தனி ஏசி. போன மே மாசம் கரண்ட் போனபோது அதைக் காரில் ஏற்றி ஏசி போட்டு, கரண்ட் வரும்வரை பீச் ரோட்டில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தூத்துக்குடி வெயிலில் நமக்கே நாக்குத் தள்ளுகிறது. கம்பளி போர்த்திய ஜீவனைக் கொண்டுவந்து இங்கே வைத்தால் அதற்குப் பெயர் பாசம் இல்லை.

நமக்கு வேண்டியது வெயில் தாங்குகிற நாய். மாடி வீட்டில், பகலில் ஆள் இல்லாத நேரத்தில், ஊரைக் கூட்டாமல் இருக்கிற நாய். மிருதுளா வாலைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்கிற நாய். அம்மாவுக்குப் பிடிக்கிற நாய். கடைசிதான் கஷ்டம்.

நவம்பர் 30, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. மிருதுளாவின் யூனிஃபார்மை நான்தான் இஸ்திரி போட்டே காயவைத்தேன். யாரும் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா ஒரு ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நாய் எங்கம்மா?"

"இனிமேதான் வாங்கணும் டாக்டர். எது வாங்கலாம்னு கேக்க வந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கிவிட்டு, அது சீக்கில் விழுந்தபிறகு வருகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறாராம். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, வீட்டில் யார் யார், எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், ஓடுவதற்கு இடம் உண்டா என்றெல்லாம் கேட்டார். உப்பளத்துப் பக்கம் வெட்டவெளி இருக்கிறது என்றேன். "அப்ப நம்ம பக்கத்து நாயவே பாரேன். இந்த வெயில்லயே பொறந்து வளந்தது" என்றார்.

வீட்டுக்கு வந்து, கிடைத்ததை எல்லாம் படித்தேன். ராஜபாளையம் வெள்ளை வெளேரென்று அழகு, ஆனால் சிலது காது கேட்காமலே பிறக்குமாம். கோம்பைக்குக் கோபம் ஜாஸ்தி. இந்த வீட்டில் அந்த வேலைக்கு ஏற்கெனவே நான் இருக்கிறேன். சிப்பிப்பாறை நல்ல நாய்தான். அதற்கு நெருங்கின சொந்தம் கன்னி. ஒல்லி உடம்பு, நெட்டைக் கால், கறுப்பு நிறம், கண்ணுக்கு மேலே தேன் நிறத்தில் இரண்டு பொட்டு. முடி கொட்டாது, வெயில் தாங்கும், கண்டவரிடம் குழையாது. வீட்டு ஆட்களை விட்டு நகராது.

ஆகவே கன்னி.

கருத்தப்பாண்டி மாமா கன்னி நாய்தான் வளர்க்கிறார். அது தற்செயல். இந்த முடிவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

டிசம்பர் 6, சனி

மிருதுளாவின் ஓட்டை வாங்கிவிட்டேன். படத்தைக் காட்டியதும், "ஐயே, கறுப்பு" என்றாள். பொட்டைக் காட்டி, இதற்கு நாலு கண் என்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணு தூங்கும்போது ரெண்டு கண்ணு முழிச்சிருக்குமா?"

"ஆமா."

"ராத்திரி கரண்ட் போனாலும்?"

"அப்பத்தான் நல்லா முழிச்சிருக்கும்."

இவள் இருட்டுக்குப் பயந்தவள். போர்வைக்குள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், காலையில் கேட்டால் இல்லவே இல்லை என்பாள். பொமரேனியனைக் கைவிட்டாள். அறிவியல்படி நாலு கண் என்பது பொய்தான், தேர்தலில் இதெல்லாம் நடக்கும்.

டிசம்பர் 7, ஞாயிறு

அவர் பக்கத்தில் போய்ச் செருமினேன். கன்னி என்றேன். "ரெண்டு பேரும் சேந்து ஒண்ணச் சொல்லிட்டீங்கல்ல, என்ற ஓட்டும் அதுக்கே" என்றார். மூன்று ஓட்டு. அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

அரையாண்டுத் தேர்வு நடுவில் இதை எழுதுகிறேன், கணக்கு நாசமாகப் போகட்டும்.

நேற்று ராத்திரி போனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். கன்னிக் குட்டிகள் விற்பனைக்கு. அவருக்கு ராத்திரி டியூட்டி. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று தப்புக் கணக்குப் போட்டுப் போனை நீட்டினேன்.

"என்னட்டி இது?"

"கன்னிம்மா. மூணு ஓட்டு வாங்கிட்டேன். நீயும் சரின்னு சொன்னா—"

"கன்னிய வெலைக்கு வாங்குறதா? எவம்ட்டி சொல்லித் தந்தான் ஒனக்கு?"

கத்தி கீழே விழுந்தது. அம்மா அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. மிருதுளா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்புறம் அம்மாவே தணிந்து சொன்னாள்.

"எங்க வீட்டுல கன்னிய வித்ததே கிடையாது. வெல பேசுற ஆள வாசல்லகூட நிக்க விடமாட்டாக. பொம்பளப் பிள்ளையக் கட்டிக் குடுத்து அனுப்பும்போது கூட ஒரு குட்டியவும் அனுப்புவாக. பொறந்த வீட்டுச் சீரு அது. பொண்ணும் மாப்பிள்ளையும் சேந்து நின்னு வாங்கணும். ஒங்கப்பா கூட வந்தப்ப ஒங்க மாமா என் கையிலயும் அப்பா கையிலயும் வச்சாம்லா, மயிலக் குட்டிய. ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

மயிலையை எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் தொட்டிலுக்கு அடியிலேயே கிடந்ததாம். அப்பா போன அடுத்த வருஷம் அதுவும் போய்விட்டது. அதன் காது ஈரமாக, மெத்தென்று இருக்கும். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

"இந்தத் தடவ ஒண்ணும் குடுக்கலையேம்மா" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மா எழுந்துபோய், கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள்.

அவர் காலையில் வந்து, என்ன எல்லாரும் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் எதையும் சொல்லவில்லை. அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

டிசம்பர் 18, வியாழன்

மாமாவுக்குப் போன் போட்டேன். அத்தை எடுத்தாள். "ஏட்டி செம்பா!" என்று ஒரு அழுகை, ஒரு சிரிப்பு. நாய் குட்டி போட்டு ஒரு மாசம் ஆகிறதாம், அஞ்சு குட்டியாம். அதற்குள் மாமா போனை வாங்கிவிட்டார்.

"நல்லா இருக்கியா? படிக்கியா?"

"நல்லா இருக்கேன் மாமா. அம்மாவுக்கு ஒரு குட்டி வேணும்."

பின்னால் கோழி கத்துவது கேட்டது.

"ஒரு பொண்ணுக்கு ஒரு நாயி. ஒங்கம்மைக்குக் குடுத்தாச்சு. அந்த ஆளுக்கெல்லாம் என் வீட்டுலருந்து சீரு வராது." வைத்துவிட்டார்.

மிருதுளா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் வாயில் ஒன்றும் தங்காது.

நான் விடப்போவதில்லை. நாய்க்காகத்தான். வேறு எதற்கும் இல்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

எல்லாம் பாழ். ஒரே நாளில் பாழ்.

அவர் காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். சிநேகிதர் வீட்டுக்கு என்றார். பொழுது சாய வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு அம்மாவிடம், "உங்க அண்ணனப் பாத்துட்டு வர்றேன்" என்றார். மிருதுளா சொல்லியிருக்கிறாள், மாமா வீட்டில் குட்டி இருக்கிறது, தர மாட்டேன் என்கிறார் என்று. இவர் சும்மா கேட்டால் தர மாட்டார், முறையாகப் போய்க் கேட்போம் என்று பழம், வெற்றிலையோடு போயிருக்கிறார். மாமா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இவராகப் போய்க் குட்டிகளைப் பார்த்து, நல்ல குட்டிங்க, என்ன விலைங்க என்று கேட்டிருக்கிறார்.

"வெல கேட்டீகளா?" அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "கன்னிக்கு வெலையா கேட்டீக?"

"எங்க ஊருச் சந்தைல ஒருத்தரு மாட்டை நின்னு பாத்துப்போட்டு, வெல கேக்காமப் போனாத்தானுங்க அவமானம். இது வெலைக்கு ஆகாத மாடுன்னு சொல்ற மாதிரி. நான் மரியாதைக்குத்தான் கேட்டேன். வெளிய போடான்னுட்டாரு."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. இனிமேல் அண்ணன் இல்லை என்று மட்டும் சொன்னாள்.

அவர் நொண்டியபடி உள்ளே போனார். கேட்டதற்கு வழியில் முள் குத்திவிட்டது என்றார். நன்றாகக் குத்தட்டும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

டிசம்பர் 22, திங்கள்

அவர் பக்கம் திரும்பவில்லை. செருமக்கூட இல்லை.

டிசம்பர் 24, புதன்

லீவு விட்டாச்சு. மிருதுளாவுக்குத் தலை பின்னும்போது, "அக்கா, அப்பா கால்ல நாலு ஓட்டை இருக்கு" என்றாள். முள் குத்தினால் ஒரு ஓட்டைதானே இருக்கும்?

அம்மா டியூட்டிக்குப் போனபிறகு அவர் முன்னால் போய் நின்றேன். செருமவில்லை. "காலக் காட்டுங்க" என்றேன். முதலில் மழுப்பினார். அப்புறம் பேண்ட்டைத் தூக்கினார். கெண்டைக்காலில் பல் பதிந்த இடம், சுற்றிலும் கன்றிப்போய் ஊதா நிறம்.

சந்தையில் மாடு வாங்கப் போனால் வாயைத் திறந்து பல் பார்ப்பார்களாம். இவர் அதே பழக்கத்தில் ஒரு குட்டியைத் தூக்கி வாயைத் திறந்திருக்கிறார். தாய் சும்மா இருக்குமா? வந்து கவ்விவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அம்மாகிட்ட ஏன் சொல்லல? ஊசி போட்டீங்களா?"

"போட்டாச்சு கண்ணு. இன்னைக்கு ரெண்டாவது. நம்ம ஆஸ்பத்திரில போட்டா உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுபோகும்னு பஸ் ஏறிப் போயி வேற எடத்துல போட்டுக்கறேன்."

"அதான் ஏன்?"

அவர் பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். "ஏற்கெனவே அண்ணன் இல்லேன்னுட்டா. நாயும் கடிச்சுதுன்னு தெரிஞ்சா, வந்த மனுசன நாய விட்டுக் கடிக்க வெச்சாருன்னு மனசுல வெச்சுப்போடுவா. நாளைக்கே அவரு வந்தாலும் அது போகாது. பாவம், அவரு மேல தப்பில்ல. தப்பு நான் பல்லுப் பாத்தது."

எனக்கு வெட்கமாக இருந்தது. விலை கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், மிருதுளாவுக்குக்கூடத் தெரியும். இந்த வீட்டில் அது தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

டிசம்பர் 28, ஞாயிறு

அம்மாவுக்கு இன்று பகல் டியூட்டி. மிருதுளாவை எதிர்வீட்டில் ஹஸ்கியோடு விட்டுவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மாமா ஊரில் இறங்கியதும், "நான் வந்தா மறுபடி சண்டையாகும்" என்று டீக்கடையிலேயே நின்றுகொண்டார்.

மாமா கொட்டகையில் நாய்களுக்குக் கம்பங்கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் அகப்பையை விடவில்லை.

"வெல பேச வந்தியா?"

"இல்ல மாமா. சீரு கேக்க வந்தேன்."

"அதான் சொன்னேம்லா. ஒரு பொண்ணுக்கு ஒரு நாயி."

"அது அம்மா எங்கப்பா வீட்டுக்குப் போனதுக்குக் குடுத்தது. இப்ப இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கா. வெறுங்கையோட போனா. கையெழுத்துப் போடும்போது பக்கத்துல நிக்க நம்ம ஆளுன்னு நான் மட்டும்தான் இருந்தேன். எனக்கு யூனிஃபார்மத் தவிர நல்ல பாவாடகூட இல்ல அன்னைக்கு."

கடைசியில் எதற்குப் பாவாடையைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மாமா கஞ்சியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த ஆளு கேஸு குடுத்திருக்கானா? நாயி கடிச்சுட்டுல்லா."

"அம்மாகிட்டயே சொல்லல. முள்ளு குத்திட்டுன்னு சொல்லிட்டு, நொண்டிக்கிட்டே வேலைக்குப் போயிட்டிருக்காரு."

"எதுக்கு?"

"அம்மா ஒங்கள வெறுத்துரக் கூடாதுன்னு."

அகப்பை நின்றது. மூலையில் தாய்நாய் குட்டிகளை அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. மயிலையின் அதே முகம்.

"ஆழமா?" என்றார் மாமா.

"நாலு பல்லு."

கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். காத்திருந்தேன். வரவில்லை. அத்தை ஒரு பையில் சீனிக்கிழங்கு போட்டுக் கொடுத்தாள். நான் கிளம்பிவிட்டேன்.

டீக்கடையில் அவர் எனக்காகப் பன் வாங்கி, ஈ மொய்க்காமல் தாளில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பஸ்ஸில் பாதி வழியில், "கால் வலிக்கா?" என்று கேட்டேன். இத்தனை மாசத்தில் நானாக அவரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. "இல்ல கண்ணு" என்றார். பொய் என்று தெரிந்தது, ஆனால் பிடித்திருந்தது.

ஜனவரி 5, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. கணக்கில் நாற்பத்தொன்று. கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

அம்மாவே பேச்சை எடுத்தாள். "பிள்ளைய ஏங்கப்போடாதீக. வேற ஏதாவது நாயி வேணும்னா வாங்கிக்கிடுங்க. நான் வேண்டாம்னு சொல்லல."

மிருதுளா என்னைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் நினைத்தால் அந்த நிமிஷமே ஒரு நாய் வந்திருக்கும். நாலு ஓட்டு, சட்டப்படி வெற்றி.

"வேற நாய் வேண்டாம்" என்றேன்.

"அப்ப எந்த நாயும் வராது, பாத்துக்க."

"வராட்டா இருக்கட்டும்."

மிருதுளா அழுதாள். ஆனால் அவளும் வேற நாய் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டே அழுதாள். கட்சி மாறவில்லை. இனிமேல் இவளைத் தங்கை என்றே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 14, புதன், போகி

எல்லா வருஷமும் பொங்கலுக்கு முன்னால் மாமா பொங்கப்படி கொண்டுவருவார். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, புதுப்பானை, அம்மாவுக்குச் சேலை. அப்பா இறந்தபிறகும் ஒரு வருஷம் தவறியதில்லை. இன்றைக்கு வீடு கழுவும்போது அம்மா நாலைந்து தரம் ஜன்னல் பக்கம் போனாள். கம்பியைத் துடைக்கிறாளாம். ஏற்கெனவே துடைத்த கம்பி. சாயங்காலம் அவளே கடைக்குப் போய் ஒற்றைக் கரும்பு வாங்கி வந்து மூலையில் சாத்தினாள்.

எனக்கு மாமா மேல் ஆத்திரமாக வருகிறது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக வரும்.

பானை பொங்கி இறக்கியாச்சு. கீழே ஆட்டோ நிற்கிற சத்தம். மிருதுளாதான் முதலில் எட்டிப் பார்த்தாள். "யாரோ மீசைக்காரர், கரும்புக் கட்டோட" என்றாள்.

மாமா படிக்கட்டுக்குக் கீழே நின்றார். பக்கத்தில் அத்தை, தலையில் ஓலைப்பெட்டி. அம்மா படிக்கு மேலே போய் நின்றாள். மாமாவும் ஏறவில்லை, அம்மாவும் இறங்கவில்லை.

"நேத்தே வந்திருக்கணும்" என்றார் மாமா. "குட்டிக்கு வயித்தால போச்சு. அதான்."

அப்போதுதான் பார்த்தேன். துண்டுக்குள் சுருட்டி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். கறுப்பு மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"பத்து மாசம்ணே" என்றாள் அம்மா. "பத்து மாசமா எங்கண்ணே போயிருந்த?" அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

மாமா தலையைக் குனிந்துகொண்டு, "ஒன் வீட்டுக்காரரக் கூப்பிடு" என்றார்.

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். மாமா படியேறி வந்து, முதலில் அவருடைய காலைத்தான் பார்த்தார்.

"முள்ளு ஆறிட்டா?"

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "ஆறிப்போச்சுங்க."

"ஒத்தையா வாங்கக் கூடாது. ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க. புஷ்பம், இப்படி வா." அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். நாலு கையும் சேர்ந்து நீண்டது. மாமா துண்டைப் பிரித்துக் குட்டியை அந்தக் கைகளில் வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை.

"மாப்பிள்ள" என்றார். "பல்லப் பாக்கணும்னா இப்பப் பாத்துக்கிடுங்க. தாயி ஊர்ல இருக்கு."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அத்தைக்கு, அப்புறம் மாமாவுக்கே. அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாத மாதிரி நின்றார். அம்மா மட்டும், "என்ன பல்லு? என்ன முள்ளு? எனக்குத் தெரியாம என்ன நடக்கு?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. ராத்திரி எப்படியும் கறந்துவிடுவாள்.

"அம்மா, ஓட்டு?" என்றேன்.

அவள் குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். "போட்டி அங்கிட்டு" என்றாள். போட்டதாகக் கணக்கு.

சாப்பிட்டு முடித்து, மாமாவும் அத்தையும் இலையை எடுக்கும்போது, எல்லாரும் குட்டியை மறந்துவிட்டோம். மிருதுளாகூடக் கரும்பு தின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் குட்டி படிக்கட்டின் விளிம்பில் நின்று, முன்காலைக் கீழே நீட்டித் துழாவிக்கொண்டிருக்கிறது. நான் வீட்டின் இந்தக் கோடியில் இருக்கிறேன். அவர் படிப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு, பானையைக் கழுவிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் போய்ச் செருமுவதற்கு நேரம் இல்லை.

"சித்தப்பா, பிடிங்க!" என்று கத்தினேன்.

பானையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிடித்துவிட்டார். புதுப்பானை உடைந்தது. யாரும் பானையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.